அரசலாற்றில் வந்த கருப்பு மூட்டை

“ஷாபான் பிறை பதினான்கு, சைகோன். தம்பிக்கு துஆ சலாம். நம் தெருவில் காய்ச்சல் கண்ட வீடுகளுக்கெல்லாம் அந்த மீன்காரப் பெண்பிள்ளைதான் காரணம், அவள் சூனியம் வைக்கிறாள் என்று சனங்கள் பேசுவதாயும், அவள் குடிசைக் கீற்றைப் பிரித்துப் போட்டதாயும் எழுதியிருந்தாய். அவளை நம் கொட்டடியில் இருத்திக்கொள். நாம் தின்பதையே அவளுக்கும் கொடு. ஏன் என்று யாராவது கேட்டால், கேட்கிறவரை எனக்குக் கடிதம் எழுதச் சொல்.”

கடிதம் தமிழில்தான் இருக்கிறது. எழுத்து மட்டும் அரபு. திருமலைராயன்பட்டினத்து மரைக்காயர் குடும்பங்களில் அப்படி எழுதும் வழக்கம் நெடுநாள் இருந்தது. நாலாக மடித்த தாளில் ஆண்டு எழுதியிருந்த மூலையை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. பிறை இருக்கிறது, மாதம் இருக்கிறது, ஆண்டு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தது 1859. காரைக்காலை விட்டு அவர்கள் போனது 1954 நவம்பர் 1. எழுதியவர் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே ஜவுளிக் கடை வைத்திருந்தார் என்பது குடும்பத்தில் சொல்லிவரும் செய்தி. ஆக, தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குள் ஏதோ ஒன்று. என் போன்றவனுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கப் போதுமான இடைவெளி. என் கைக்கு வந்தது கடிதத்தின் படம்தான்; தாளையும் மையையும் நேரில் பார்த்தால் கொஞ்சம் குறுக்கலாம் என்று கிளம்பினேன்.

2025 ஜனவரி 10, வெள்ளி. மார்கழி 26. காலை 9.40க்கு மயிலாடுதுறையில் பேருந்து ஏறினேன். பயணச்சீட்டு முப்பத்தைந்து ரூபாய். பேரளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா கதிர் பழுத்துச் சாய்ந்திருந்தது. டிசம்பர் மழையில் படுத்த வயல்கள் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் சேலத்துக்காரர் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு லிட்டர் நல்லெண்ணெய்.

“திருநள்ளாறுங்களா?” என்றேன்.

“ஆமாங்க. நாளைக்குச் சனிக்கிழமை, பிரதோஷமும் சேந்து வருது. கூட்டம் நெரிக்கும். அதான் இன்னைக்கே குளிச்சிட்டுப் போயிடலாம்னு.”

“நாளைக்குன்னா பலன் அதிகம்னு நாந்தான் சொன்னேன். இவரு கூட்டத்துக்குப் பயந்துக்கிட்டாரு. சனி பகவானுக்கே பயப்படாத ஆளு” என்றார் மனைவி.

அவர்கள் திருநள்ளாற்றில் இறங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து காரைக்கால் ஐந்து கிலோமீட்டர். பேருந்து நிலையத்தில் வண்டி மாறி, திருமலைராயன்பட்டினத்தில் இறங்கியபோது மணி 11.50.

கடிதத்தின் சொந்தக்காரர் நைனா முகமது. அறுபத்து நான்கு வயது. துபாயில் இருபத்தொரு வருடம் கப்பல் சரக்குக் கணக்கு எழுதிவிட்டு வந்தவர். கடிதம் எழுதியவர் இவருடைய பாட்டனாரின் அண்ணன். ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வந்த பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். நெய்ச்சோறு, கோழிக் குழம்பு, கத்திரிக்காய்ப் பச்சடி. அவர் மனைவி சல்மா பரிமாறும்போதே மன்னிப்புக் கேட்டார்.

“கடற்கரை ஊருக்கு வந்துட்டு கோழி சாப்புட்றீங்க. எங்க மீன்காரம்மா வந்து இருவத்தி மூணு நாளாச்சு. வேற ஆள்ட்ட வாங்க மனசு வரல.”

“உடம்பு சரியில்லையா?”

நைனா முகமது கடிதம் இருந்த உறையை என் பக்கம் நகர்த்தினார். “அது உடம்புக்கு வந்ததில்ல சார். இதுல எழுதியிருக்கில்ல, அதே சீக்குதான்.”

அந்த மீன்காரம்மாவின் பெயர் அஞ்சம்மா. ஐம்பத்திரண்டு வயது, கணவர் இறந்து ஒன்பது வருடம். அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறார். எந்த ஊருக்குப் போனாலும் பெயரையும் தூரத்தையும் எழுதிவிடுவது என் வழக்கம். இந்தக் குப்பத்தின் பெயரை எழுத மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாலை 4.30க்கு அவரே வந்தார். கூடை இல்லாமல் வந்ததால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சல்மா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஒக்காருங்க அஞ்சம்மா. சார் பழைய விசயமெல்லாம் எழுதுறவரு.”

“என் விசயம் பழசாவட்டும், அப்பறம் எழுதலாம்” என்றார் அஞ்சம்மா. பிறகு உட்கார்ந்தார்.

அவர் சொன்னதைத் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டேன். டிசம்பர் 10, செவ்வாய்: கரையில் மீன் ஏலம். கலியமூர்த்தி என்பவருடைய ஃபைபர் படகில் சங்கரா மீன் வந்திருந்தது. அஞ்சம்மா கேட்ட விலைக்கு ஒரு கூடை முடிந்த பிறகு, அதைக் கலியமூர்த்தி வெளியூர் வியாபாரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். சண்டை முற்றி, அஞ்சம்மா குனிந்து இரண்டு கை மணலை வாரிப் படகைப் பார்த்துத் தூற்றி, “ஒன் வலையில மண்ணு வுழ” என்றார். கரையில் எல்லாரும் பார்த்தார்கள். டிசம்பர் 12, 13: பெருமழை, ஆற்றில் வெள்ளம். டிசம்பர் 18, புதன்: கலியமூர்த்தியின் வலையில் மீனோடு ஒரு கருப்புத் துணி மூட்டை வந்தது. அவிழ்த்தால் எள், அழுகிய எலுமிச்சை, ஒரு துருப்பிடித்த ஆணி. திரும்பி வரும்போது எஞ்சின் நின்றுவிட்டது. வேறு படகு கட்டி இழுத்து வந்தார்கள். மூட்டையைப் படம் எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார் கலியமூர்த்தி. மூட்டையைக் கரையிலேயே எரித்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: செய்வினை வைத்தது அஞ்சம்மா.

“அடிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“அடிக்கல சார். அடிச்சா போலீஸுக்குப் போயிருப்பேன். காது கேக்காமப் போயிட்டாங்க.”

மறுநாள் ஏலத்தில் அவர் நின்று விலை கேட்டார். ஏலக்காரர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சத்தம் போட்டுக் கேட்டார். அடுத்த பெண் அதைவிடக் குறைத்துக் கேட்டதற்கு மீன் போயிற்று. குழாயடியில் அவர் குடம் வைத்தால் பின்னால் யாரும் குடம் வைப்பதில்லை. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊர்க்கட்டுப்பாடு என்று யாரும் அறிவிக்கவும் இல்லை.

தைக்கு முன் இதை முடித்துவிட வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தார் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். வழியும் சொல்லிவிட்டார்களாம். மாரியம்மன் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, இனிமேல் செய்ய மாட்டேன் என்று அஞ்சம்மா அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் போதும். திங்கட்கிழமையிலிருந்து ஏலத்தில் நிற்கலாம்.

“செஞ்சிட்டுப் போயேன் அஞ்சம்மா, பொழப்பப் பாக்கலாம்ல” என்றார் நைனா முகமது. சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வருத்தப்பட்டவர்போலக் கடித உறையைத் தடவினார்.

“‘இனிமே’ செய்ய மாட்டேன்னா, முன்னாடி செஞ்சேன்னு அர்த்தம் மரைக்கார். அம்மன் முன்னாடி அத எப்புடிச் சொல்லுவேன்? அப்பறம் ஊருல எவன் வலையில எது வந்தாலும் என் வூட்டு வாசல்லதான் நிப்பானுவ.” பிறகு, “அந்த மூட்ட எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

அவர் மீன் விற்கத் திருநள்ளாறு சாலை வரை போகிறவர். அரசலாற்றுப் பாலத்தில் வெளியூர் வேன்கள் நிற்பதையும், அதிலிருந்து இறங்குகிறவர்கள் ஆற்றில் கருப்பாக எதையோ விடுவதையும் பல தடவை பார்த்திருக்கிறார். அவர் பார்த்ததாகச் சொன்னால் செல்லாது. பஞ்சாயத்தாரில் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். பதினொரு பேரிடமும் போய்க் கேட்டிருக்கிறார். பத்துப் பேர் மறுத்துவிட்டார்கள். மாணிக்கவேல் என்ற ஒருவர் மட்டும் வருகிறேன் என்றிருக்கிறார். ஒரு நிபந்தனை: அஞ்சம்மாவோடு ஒரே வண்டியில் கிளம்புவதை ஊர் பார்க்கக் கூடாது.

“என் கார்ல போவலாம். அவர மெயின் ரோட்டுல ஏத்திக்கறேன்” என்றார் நைனா முகமது. யோசிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை நான் கவனித்தேன். ஒன்றும் இல்லை.

ஜனவரி 11, சனி. காலை 7.15க்குப் புறப்பட்டோம். மாணிக்கவேல் பிரதான சாலையில், பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒளிந்தவாறு நின்றார். அறுபது வயது. முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போனவர். இப்போது மகன் போகிறார். முன் இருக்கையில் ஏறியதும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

“மாப்ள ஊர்வலம் மாதிரி இருக்குண்ணே” என்றார் பின்னாலிருந்து அஞ்சம்மா.

“வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு புள்ள. இந்த வாயாலதான் இவ்வளவும்.”

7.50க்குப் பாலத்தை அடைந்தோம். ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தாலும் ஓட்டம் இருந்தது. எதிர்க்கரைக் கடையில் நான்கு டீ, நாற்பத்தெட்டு ரூபாய். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வேன்கள் போய்க்கொண்டே இருந்தன, ஒன்றும் நிற்கவில்லை. மாணிக்கவேல் இரண்டு தடவை மணி பார்த்தார். அஞ்சம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

அந்த நேரத்தில், என்ன எழுதுகிறீர்கள் என்று அவர் கேட்டதற்குப் படித்ததைச் சொன்னேன். ஐரோப்பாவில் முந்நூறு வருடம் சூனியக்காரிகள் என்று பெண்களைப் பிடித்து வழக்கு நடத்தினார்கள். பிரெஞ்சு மன்னர் 1682இல் போட்ட ஆணைக்குப் பிறகு அங்கே அது ஏமாற்றுக் குற்றமாகச் சுருங்கியது. காரைக்கால் அவர்கள் கைக்கு வந்தது 1739இல். ஆக, சூனியக்காரி என்று ஒருத்தியைத் தண்டிக்கும் சட்டத்தை அவர்கள் கப்பலில் கொண்டுவந்திருக்க முடியாது. ஊர்கள் அதற்காகச் சட்டத்துக்குக் காத்திருக்கவும் இல்லை. சுவிட்சர்லாந்தில் 1782இல்கூட ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணை வெட்டினார்கள். நம் நாட்டில் இதைத் தடுக்கத் தனிச்சட்டம் முதலில் பீகாரில் 1999இல் வந்தது. புதுச்சேரிக்கு அப்படி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1692இல் அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் நடந்த வழக்கில், ஆமாம் நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். இல்லை என்று கடைசிவரை நின்றவர்களைத் தூக்கில் போட்டார்கள்.

அஞ்சம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பொய் சொன்னவளுக்கு வூடு, உண்ம சொன்னவளுக்குக் கயிறு. நல்ல பஞ்சாயத்து சார் அது.”

“எங்களுது அவ்வளவு மோசமில்ல” என்றார் மாணிக்கவேல்.

“நாளைக்குத் தெரியும்ண்ணே.”

9.05க்கு ஒரு வேன் நின்றது. தர்மபுரி பக்கத்துக் குடும்பம். ஆறு பேர், தலையில் ஈரம் காயவில்லை. குடும்பத் தலைவர் பையிலிருந்து கருப்புத் துணி மூட்டை ஒன்றை எடுத்து, தலையை மூன்று சுற்றுச் சுற்றி, திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாக ஆற்றில் எறிந்தார். மூட்டை ஒருமுறை முழுகி எழுந்து, கிழக்கே போயிற்று. மாணிக்கவேல் துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க. அதுல என்ன வச்சிருந்தீங்க?”

அவர் பயந்துபோனார். “கோயில்ல குளத்துல எதும் போடக் கூடாதுன்னாங்க. அதான் இங்க. தப்புங்களா?”

“தப்பில்ல. என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க போதும்.”

“எள்ளு, எலுமிச்சம்பழம், ஒரு இரும்பு ஆணி. இரும்பு சனிக்கு உகந்ததுன்னு எங்க ஊரு ஜோசியரு சொன்னாரு. ஓடுற தண்ணியில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வரணுமாம். இப்ப நீங்க பேசி நான் திரும்பிட்டேன்.”

மாணிக்கவேல் எங்களைப் பார்த்தார். “நம்மாளுங்க எள்ளு முடிச்ச வெளக்குல போட்டு எரிச்சிட்டு வந்துருவோம். ஆணி வைக்கிற வழக்கம் நமக்குக் கெடையாது. ஆத்துல வுடுறதும் கெடையாது. அதான் பாத்ததும் செய்வினைன்னு நெனச்சுட்டானுவ.” பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிற கோயிலின் பரிகாரம் இந்த மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும். தங்களுடையது மட்டும்தான் தெரியும்.

அந்தக் குடும்பத்தில் இளையவருக்கும் ஏழரைச் சனி. அவருடைய மூட்டை இன்னும் கையில் இருந்தது. அஞ்சம்மா அவர் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

“தம்பி, அத எனக்குக் குடுத்துருங்க.”

“அய்யய்யோ, இத வாங்குனா என் சனி உங்களப் புடிச்சிக்கும்மா!”

“என்னப் புடிச்சிருக்கறதுக்கு முன்னாடி ஒங்க சனி சின்னப்புள்ள. குடுங்க.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஆற்றைப் பார்த்தார். கடைசியில் மூட்டையை அஞ்சம்மாவின் கையில் கொடுக்க மனம் வராமல் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, வேனில் ஏறிக்கொண்டார். அஞ்சம்மா அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். காரில் மாணிக்கவேல் கதவோரமாக ஒண்டி உட்கார்ந்தார். நைனா முகமது சிரித்துவிட்டார். அந்த மூட்டையை அன்று நான் தொட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். தொட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். 1682இலிருந்து தேதி சொல்கிறவன் நான்.

திரும்பும் வழியில் மாணிக்கவேல் கடல் கணக்கைச் சொன்னார். மார்கழியில் நீரோட்டம் தெற்கு நோக்கி இழுக்கும். வெள்ள நாளில் முகத்துவாரத்தில் விழுகிற எதுவும் நாலைந்து நாளில் தங்கள் வலைக்குள் வரும். வாழைமரம் வந்திருக்கிறது, கட்டில் வந்திருக்கிறது.

“இத நாளைக்குச் சபையில சொல்லுவீங்களா?” என்று நைனா முகமது கேட்டார்.

“பாத்தத சொல்லித்தானே ஆவணும்” என்றார். பிரதான சாலை வந்தும் அவர் இறங்கவில்லை. ஊருக்குள்ளேயே விடச் சொன்னார்.

ஜனவரி 12, ஞாயிறு. காலை பத்துக்கு ஏலக் கொட்டகையில் பஞ்சாயத்தார் பதினொரு பேர் மணலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் சுற்றிலும், பெண்கள் பின்னால். நைனா முகமதும் நானும் வெளியூர் ஆட்கள் என்பதால் கவிழ்த்துப் போட்ட படகோரம் நின்றோம். எல்லாம் கேட்டது.

மாணிக்கவேல் எழுந்து பார்த்ததைச் சொன்னார். மணி, வேன், ஆட்கள், நீரோட்டம் என்று வரிசையாக. அஞ்சம்மா நடுவே வந்து மூட்டையை வைத்தார். பாயில் இருந்தவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள். அவிழ்க்க யாரும் வரவில்லை. அவரே அவிழ்த்தார். எள், எலுமிச்சை, ஆணி. கலியமூர்த்தி கைப்பேசியில் இருந்த படத்தையும் மணலில் கிடந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும், பயந்த முகம்.

“ஒரே மாரிதான் இருக்கு. ஆனா எஞ்சின் ஏன் நிக்கணும்?”

“போன வருசமும் ரெண்டு தடவ நின்னுச்சே, அப்பயும் நான்தான் வச்சனா? ஒன் எஞ்சின் மெக்கானிக்கப் பாக்க ஏங்குதுடா” என்றார் அஞ்சம்மா. பெண்கள் பக்கம் சிரிப்பு கேட்டது. அங்கிருந்து வந்த முதல் சத்தம் அது.

பஞ்சாயத்துத் தலைவர் தொண்டையைச் செருமினார். “சரி, மூட்ட எங்கேருந்து வந்தா என்னம்மா. ஊரு ஒத்துமையா இருக்கணும். கற்பூரத்த அணைச்சிட்டு ஒரு வார்த்த சொல்லிரு. எல்லாருக்கும் மனசு ஆறும்.”

நான் அஞ்சியது இதைத்தான். உண்மை நிறுவப்பட்ட பின்னும் சடங்கு மட்டும் மிச்சமாக நின்றது.

அஞ்சம்மா தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார். “நான் மண்ணு தூத்துனேன். ஆமா. டிசம்பர் பத்தாம் தேதி, இந்த எடத்துல, கோவத்துல தூத்துனேன். வலையில மண்ணு வுழன்னு சொன்னேன். கடலுக்குப் போற ஆளப் பாத்து அப்புடிச் சொல்லக் கூடாது. அது தப்பு. அதுக்குத் தண்டம் போடுங்க, கட்டுறேன். செய்யாததுக்குச் சத்தியம் கேக்காதீங்க. இருவத்தஞ்சு நாளா இல்லாத சோறு இன்னும் இருவத்தஞ்சு நாளைக்கு இல்லாமப் போவட்டும்.”

ஏழு பேர் பேசினார்கள். மூன்று பேர் கற்பூரம் வேண்டும் என்றார்கள். மாணிக்கவேல் இரண்டாம் தடவை எழுந்தார். “கேட்டுதுல்ல? தூத்துனதுக்குத் தண்டம் கேக்குறா. ஒரு தப்ப ஒத்துக்கற பொம்பள இன்னொன்ன மறைக்கணும்னு என்ன இருக்கு?” என்றார். பிறகு, “கற்பூரம் கேட்டா நான் பாயில இருக்க மாட்டேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

11.40க்குத் தீர்ப்பு. மண் தூற்றியதற்கு அஞ்சம்மா மாரியம்மன் விளக்குக்கு மூன்று வெள்ளிக்கிழமை எண்ணெய் ஊற்ற வேண்டும். முடிந்த ஏலத்தை மாற்றிக் கொடுத்ததற்குக் கலியமூர்த்தியும் அதே மூன்று வெள்ளி ஊற்ற வேண்டும். சத்தியம் இல்லை. நாளை முதல் ஏலத்தில் நிற்கலாம்.

நான் நூல்களில் படித்த எத்தனையோ விசாரணைகளில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. குற்றம் சாட்டப்பட்டவளே தன் உண்மையான குற்றத்துக்குத் தண்டனையைக் கேட்டு வாங்கினாள். எழுதப்பட்ட சட்டம் எதுவும் கையில் இல்லாத பதினொரு பேர் அதைக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

ஜனவரி 13, திங்கள், போகி. காலை 6.10. எனக்கு எட்டு மணிக்குப் பேருந்து. அதற்குள் ஏலம் பார்த்துவிட நினைத்தேன். பழைய பாய்கள் எரிந்த புகை கரையெல்லாம் நின்றது. கலியமூர்த்தியின் படகிலிருந்து முதல் கூடை இறங்கியது. சங்கரா. ஏலக்காரர் விலை சொன்னார். அஞ்சம்மா ஐம்பது கூட்டிக் கேட்டார். ஏலக்காரர் அவர் பக்கம் திரும்பினார். அவர் சொன்ன விலையைத் திருப்பிச் சொன்னார்.

பிறகு யாரும் பேசவில்லை. சுற்றி நின்ற பதினைந்து பெண்களும் வாயே திறக்கவில்லை. ஒரு தரம் என்றார் ஏலக்காரர். நான் அதை அஞ்சம்மாவின் வெற்றி என்று நினைத்தேன். அவர் முகம் இருண்டுபோனது.

“ஏன்டி, எவளும் கேக்க மாட்டீங்களா?” என்று திரும்பிச் சத்தம் போட்டார். “சும்மா கெடைக்குற மீனு எனக்கு வேணாம். பயந்துக்கிட்டு வுட்டுக்குடுக்குறீங்களா? நான் என்ன பேயா?”

“ரெண்டு தரம்...” ஏலக்காரர் இழுத்தார்.

குட்டையான ஒரு பெண் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார். “பேயில்லாம என்ன, இந்தச் சங்கராவுக்கு இவ்வளவுதானா கேப்ப? இன்னும் நூறு!” என்றார்.

“அதுக்கு மேல அம்பது!” என்றார் அஞ்சம்மா.

“அதுக்கும் மேல நூறு!”

“கண்ணு தெரியலயா ஒனக்கு, செதிலு காஞ்சு கெடக்கு!”

“ஒனக்கு எதுக்குடி கவல, என் காசு!”

அந்தக் கூடை அஞ்சம்மாவுக்குக் கிடைக்கவில்லை. தோற்றுப்போய்த் திரும்பிய அவர் முகத்தைப் போன்ற ஒரு முகத்தை நான் அந்தப் பயணத்தில் வேறெங்கும் பார்க்கவில்லை. இரண்டாவது கூடையை எடுத்தார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே, “சல்மாம்மாட்ட சொல்லிருங்க சார், மத்தியானம் சங்கரா வருதுன்னு” என்றார்.

மாணிக்கவேல் என்னைச் சாலை வரை கொண்டுவிட வந்தார். என் குறிப்பேட்டில் ஒரு இடம் காலியாக இருந்தது: டிசம்பர் 18 அன்று படம் குழுவில் எத்தனை மணிக்கு வந்தது? கேட்டேன்.

“நேரம் சரியா வேணுமா? நீங்களே பாத்து எழுதிக்கங்க” என்று குழுவைத் திறந்து தன் கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டு, பீடி பற்ற வைக்க ஒதுங்கினார்.

மேலே தள்ளிக்கொண்டே போனேன். காலை 7.08: கலியமூர்த்தியின் படம். கீழே, “வலையில் வந்தது.” வேறு சொல் இல்லை. 7.12, 7.15: இரண்டு பேர், “என்ன இது?” 7.19: திரையின் வலப்பக்கத்தில், கைப்பேசிக்காரர் அனுப்பியவை நிற்கும் இடத்தில், சாய்ந்த எழுத்தில் ஒரு வரி: இந்தச் செய்தியை நீங்கள் நீக்கிவிட்டீர்கள். 7.21: கலியமூர்த்தி, “அஞ்சம்மாவா?” அந்தக் குழுவில் அவர் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அறுபது எழுபது செய்திகள். எல்லாவற்றிலும் அவர் பெயர்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது, 7.19க்கு நீக்கியது என்ன என்று கேட்டேன். மாணிக்கவேல் திரையைப் பார்த்தார். புகையை ஒரு முறை விட்டார்.

“பேரப்புள்ள போட்டோ சார். தப்பா இந்தக் குரூப்புல போயிருச்சு. அழிச்சிட்டேன்.”

எட்டு மணிப் பேருந்து 8.12க்கு வந்தது. கடிதத்தின் ஆண்டைத் தாளும் மையும் சொல்லவில்லை. பதினொரு பேரில் பாலத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். பாயை விட்டு எழுந்தவரும் அவர்தான். இரண்டும் நான் கண்ணால் கண்டவை; தேதியோடும் மணியோடும் எழுதியிருக்கிறேன். 2024 டிசம்பர் 18 காலை 7.19க்கு அவர் அனுப்பி நீக்கிய செய்தியில் இருந்தது ஒரு குழந்தையின் படமா, ஒரு பெண்ணின் பெயரா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.